காற்றுக்கு மேலே போன பேர்

அன்புள்ள உனக்கு,

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. வரிகள் ஏறி இறங்கும். சில எழுத்து பூசணிக்காய் போலவும் சில எழுத்து எறும்பு போலவும் இருக்கும். பேனாவை அழுத்திப் பிடிப்பதால் அடுத்த தாளிலும் தடம் விழுந்துவிடுகிறது. அறுபது வருஷம் உளி பிடித்த கை, வேறு எப்படி எழுதும்? தாராவி கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் எங்களைப் போன்ற கிழவன் கிழவிகளுக்கு எழுத்துச் சொல்லித்தர ஒரு பெண் வருகிறாள். திலக் நகரிலிருந்து பஸ் பிடித்து வருவாள். "தாத்தா, மெதுவா. இது பேப்பர், தகடு இல்ல" என்று என் கையைத் தளர்த்திவிடுவாள். இந்த முதல் பத்தியை எழுத எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. உனக்குக் கால் மணி நேரம் போதும். அந்த நினைப்பே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

என் விரல்களில் இப்போது புளி வாசனை. கூடவே பித்தளை வாசனை. காலையில் பரணில் கிடந்த பழைய செம்பை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். மருமகள் எட்டிப் பார்த்து, "பூஜைக்கா மாமா?" என்றாள். "இல்லம்மா, படிக்கதுக்கு" என்றேன். கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். படிக்கத் தெரிந்த நாளிலிருந்து கண்ணில் படும் தமிழையெல்லாம் படித்துக்கொண்டு அலைகிறேன். மாட்டுங்காவில் பூக்கடைப் பலகை, அப்பளக் கட்டின் மேல் ஒட்டிய சீட்டு, கோயில் சுவரில் நன்கொடை கொடுத்தவர் பெயர்கள், ஒன்றையும் விடுவதில்லை. ரோட்டில் நின்று படிக்கும்போது பின்னால் வருகிறவர்கள் இடித்துத் திட்டிவிட்டுப் போகிறார்கள். சந்தோஷத்தில் எனக்கு அது உறைப்பதில்லை.

அந்தச் செம்பு நான் பம்பாய்க்கு ரயிலேறியபோது அம்மா கையில் கொடுத்தது. கழுத்துக்குக் கீழே பேர் வெட்டியிருக்கிறது என்று தடவிக் காட்டினாள். என் பேரை நானே படித்துவிடலாம் என்று இத்தனை வருஷம் கழித்து ஆசையோடு தேய்த்தேன். படித்தேன். என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீ சிரித்துவிட்டு மிச்சத்தைப் படிக்கமாட்டாய்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு உன்மேல் பொறாமை. நீ போய் நாலு வருஷம் ஆகியும் தீராத பொறாமை. நீ உயிரோடு இருந்தபோது இதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதும்போது எதிரே முகம் இல்லை, அதனால் வருகிறது. எழுதுவதில் இப்படி ஒரு வசதி இருப்பதை நீ எனக்குச் சொல்லவே இல்லையே.

இது எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். மாட்டுங்கா மார்க்கெட்டில் அண்ணாச்சியின் பாத்திரக்கடை. நாம் இருவரும் ஒரே ஊர், ஒரே வயசு, தாராவியில் ஒரே வரிசையில் அடுத்தடுத்த அறை. விடியும் முன்பே குழாயடியில் நமக்குப் பதிலாக நம் செம்புகள் வரிசையில் நிற்கும். தண்ணீர் வந்ததும் யாராவது ஒருவர் ஓடிப்போய் இரண்டையும் நிரப்பிவருவோம். பிறகு சேர்ந்தே கடைக்கு நடப்போம். கடையில் உனக்கு ஸ்டூல், எனக்குத் தரை. பாத்திரம் வாங்குகிறவர்கள் பேர் சொல்வார்கள், நீ அதைச் சீட்டில் எழுதித் தருவாய். நான் அந்தச் சீட்டைப் பார்த்து, உளியும் சுத்தியலுமாகப் புள்ளி புள்ளியாய் பாத்திரத்தில் வெட்டுவேன். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. எனக்கு அது வளைவும் கோடும்தான். கோலம் போடுகிறவளைப் பார்த்துக் கோலம் போடுவது போல. ஆயிரக்கணக்கான பேர்களை வெட்டினேன், ஒரு பேரும் யாருடையது என்று தெரியாது.

கல்யாணச் சீர் வாங்க வரும் மாமிகள் பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்து, எழுத்து முத்து முத்தாக இருக்கிறதே, யார் எழுதியது என்று கேட்பார்கள். அண்ணாச்சி உன்னைக் கைகாட்டுவார். நீ கூச்சப்பட்டுச் சிரிப்பாய். நான் கீழே உட்கார்ந்து அடுத்த அண்டாவைத் தட்டிக்கொண்டிருப்பேன். அன்றைக்கெல்லாம் என் சுத்தியல் கொஞ்சம் பலமாகவே விழும். அண்ணாச்சி, "ஏல, அண்டாவ ஓட்ட போட்டுராத" என்பார்.

பிறகு சார் வந்தார். அவரை நீ மறந்திருக்கமாட்டாய். பாலக்காட்டுக்காரர், பின்தெருவில் குடியிருந்தவர், ஏதோ ஆராய்ச்சி ஆபீஸில் பெரிய படிப்புப் படித்தவர். தங்கை கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்தவர், நான் வெட்டிய தவலையை மூக்குக்கு நேரே கொண்டுபோய், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"எழுத்து இருக்கட்டும். இந்தப் புள்ளியெல்லாம் யார் வெச்சது? ஒண்ணுக்கொண்ணு இடைவெளி அப்படியே ஒரே மாதிரி இருக்கே."

என் வாழ்க்கையில் புள்ளியை மெச்சிய முதல் ஆள் அவர்தான். நான் எழுந்திருப்பதற்குள் நீ முந்திக்கொண்டு, "இவந்தான் சார். ஓட்டச் செம்புக்கு ஈயம் பத்தவைக்கதும் இவந்தான், பத்துன இடமே தெரியாது" என்று என்னை முன்னால் தள்ளினாய். நல்லதுதான் செய்தாய். ஆனால் என்னைப் பற்றிய நல்ல வார்த்தையைக் கூட நீதானே சொல்ல வேண்டியிருந்தது என்று அப்போதும் உள்ளுக்குள் ஒரு முள்.

மறுநாள் சார் ஒரு வரைபடத்தோடு வந்தார். மெல்லிய பித்தளைப் பட்டைகளில் பிளவு வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று செருகி, நூற்றுக்கணக்கான சின்னச் சின்னச் சதுரக் குழாய்களாக ஒரு பெட்டி செய்ய வேண்டும். பல்பு வரும் அட்டைப்பெட்டிக்குள் தடுப்பு இருக்குமே, அதே மாதிரி. ஆனால் ஒரு தடுப்பும் மயிரிழை சாயக்கூடாது, ஒரு குழாயிலும் ஈயம் சொட்டி அடைக்கக்கூடாது. அவர்கள் பட்டறையின் மெஷினில் போட்டால் அத்தனை மெல்லிய பட்டை கிழிந்துபோகிறதாம். கைவேலைக்காரன் வேண்டும் என்றார்.

எதற்கு என்று நீதான் கேட்டாய். கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்து அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுக்கும் எக்ஸ்ரே, அதை மெஷின்தான் உண்டாக்குகிறது என்று நினைத்திருந்தோம். வானத்திலும் சில இடங்களிலிருந்து அது தானாகவே வருகிறதாம். வெடித்துப்போன நட்சத்திரம் ஒன்று அப்படிப்பட்ட இடம். ஆனால் நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று அதையெல்லாம் குடித்துவிடுகிறது. குடிப்பதால்தான் நாம் பிழைத்திருக்கிறோம், அதனாலேயே தரையிலிருந்து அதைப் பார்க்கவும் முடியவில்லை. பார்க்க வேண்டுமென்றால் காற்றுக்கு மேலே போக வேண்டும். வெளிநாட்டில் ராக்கெட்டில் வைத்து அனுப்புகிறார்கள், அது சில நிமிஷத்தில் விழுந்துவிடும். இவர்கள் ஹைதராபாத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பலூனில் கட்டி அனுப்பப்போகிறார்கள். விமானம் பறப்பதைப் போல மூன்று நாலு மடங்கு உயரம் போய் மணிக்கணக்காக மிதக்கும். காற்று முழுசாகத் தீராவிட்டாலும் அங்கே மிச்சமிருப்பது கொஞ்சம்தான். வலுவான எக்ஸ்ரே அதைத் தாண்டி வந்துவிடும்.

பெட்டி எதற்கென்றால், எக்ஸ்ரேயைக் கண்ணாடி லென்ஸ் வைத்துப் பிடிக்க முடியாது, ஊடுருவிப் போய்விடும். அதனால் ஜன்னல் அடைப்பு மாதிரி ஒன்று. நேராக வருவது குழாய் வழியே உள்ளே போகும். சாய்ந்து வருவது பித்தளையில் மோதி அங்கேயே செத்துப்போகும். குழாய்க்கு அடியில் ஒரு பளிங்கு இருக்கிறது, எக்ஸ்ரே விழும்போதெல்லாம் அது ஒரு மினுக்கு மினுக்கும். அதை எண்ண வேண்டும். பெட்டியை எந்தப் பக்கம் திருப்பும்போது எண்ணிக்கை ஏறுகிறதோ, அந்தப் பக்கம்தான் நட்சத்திரம்.

"அது வெடிச்சு தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேலே ஆச்சு. சைனாக்காரா பட்டப்பகல்லயே பார்த்து எழுதி வெச்சிருக்கா" என்றார்.

எனக்கு ஒரு கேள்வி வந்தது. வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் நீ கேட்டுவிட்டாய்.

"அன்னைக்கு வெடிச்சது இன்னுமா சார் அடங்கல?"

சார் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அதைத்தானேப்பா நாங்களும் கேக்கறோம். யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் இந்தப் பெட்டி."

அன்றைக்கு முழுக்க அவர் உன்னிடம்தான் பேசினார். நல்ல கேள்வி கேட்டவன் ஆயிற்றே. அது என் கேள்வி. என் வாயில் இருந்ததை நீ எடுத்துக்கொண்டாய் என்று மூன்று நாள் உன்னோடு சரியாகப் பேசவில்லை. பல்வலி என்று சொன்னேன். நீ கிராம்பு வாங்கிவந்து கொடுத்தாய்.

அந்த மழைக்காலம் முழுவதும் நீ வரைபடத்தைப் பார்த்து அளவு சொல்வாய், நான் வெட்டுவேன். நீ பட்டையைப் பிடித்துக்கொள்வாய், நான் பற்றவைப்பேன். வேலை முடிந்த அன்று பெட்டியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தோம். அத்தனை குழாயிலும் வெள்ளை வெள்ளையாக வானம் தெரிந்தது. ஒன்றுகூட இருட்டாக இல்லை. கொஞ்ச நேரம் நாம் இருவரும் மாறி மாறிக் குழாய்களில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு உன்மேல் பொறாமை இருக்கவில்லை. எழுதும்போதுதான் அது தெரிகிறது.

மறுநாளே திரும்பிவிட்டது. ஹைதராபாத்துக்குக் கடையிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிப்போகலாம் என்று சாருக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஒரே ஒரு ஆள். பலூன் விடும்முன் ஒரு பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும், ராத்திரிப் பள்ளியில் நீ கொஞ்சம் இங்கிலீஷும் படித்திருந்தாய், அதனால் நீ வரட்டும் என்றார். என் முகத்தைப் பார்த்தபடியேதான் சொன்னார். "அவனே போவட்டும் சார், எனக்கு ரயில் ஒத்துக்கிடாது" என்றேன். திருநெல்வேலியிலிருந்து பம்பாய் வரை ரயிலில் வந்தவன் சொன்ன பேச்சு அது.

வழியில் நீ விடவில்லை. "ஏல, நீ போ. பெட்டி உன் கைவேல. பட்டியலப் படிக்க அங்க ஒருத்தனும் இல்லாமலா போயிருவான்? சார்ட்ட நான் சொல்லுதேன்."

"ஏல, போ. கலெக்டர் தொர நீ. நீயே போயி கையெழுத்துப் போட்டுட்டு வா."

நீ பிறகு தாராவி வரும்வரை எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாய்.

இனிமேல் எழுதுவதை நீ கவனமாகப் படிக்க வேண்டும்.

நீ புறப்படுவதற்கு இரண்டு நாள் முன், மதியம். நீயும் அண்ணாச்சியும் சாப்பிடப் போயிருந்தீர்கள். நான் காலையிலேயே பையில் என் செம்பை எடுத்துவந்திருந்தேன். பெட்டியின் மூடியை, குழாய்களை மறைக்காமல் ஓரத்தை மட்டும் மூடும் சட்டம் அது, திருகிக் கழற்றினேன். மூடி உட்காரும் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றுப் பித்தளை இருந்தது. மூடினால் யாருக்கும் தெரியாது. செம்பைப் பக்கத்தில் சாய்த்து வைத்து, அதில் இருந்த பேரைப் புள்ளிக்குப் புள்ளி பார்த்து விளிம்பில் வெட்டினேன். உன்னிடம் சீட்டு எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்டால் எழுதித் தந்திருப்பாய், தெரியும். உன் எழுத்தில் என் பேர் போகக்கூடாது என்பதுதான் விஷயம். இவன் தரையில் நின்று அண்ணாந்து பார்க்கட்டும், என் பேர் காற்றுக்கு மேலே போகட்டும். அந்த நினைப்பு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

பாத்திரத்தில் பேர் வெட்டும்போது உள்ளே இரும்பு முட்டு கொடுத்துத்தான் தட்டுவோம். இது பாத்திரம் இல்லை, ஈயப் பற்றில் நிற்கும் பட்டைக் கூடு, வெளியே தட்டினால் உள்ளே விட்டுப்போகும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தும் தட்டினேன். மூடியைத் திருகிவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்காமலே வைத்துவிட்டேன்.

தாதர் ஸ்டேஷனில் உன்னை வழியனுப்ப நான் வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன்.

நீ திரும்பி வந்தது குழாயடிக்குத்தான். வரிசையில் செம்புகளுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாய். வலது கையில் இரண்டு விரலில் கட்டு. வெள்ளை பிளாஸ்டிக்கை மைதான நீளத்துக்குத் தரையில் விரித்துவைத்ததையும், கேஸ் ஏற ஏறத் தலைப்பகுதி மட்டும் குமிழாக எழுந்து நின்றதையும், விட்டதும் பெட்டி சுமந்த வண்டி அதற்கு அடியிலேயே ஓடியதையும், பிறகு பெட்டி வண்டியை விட்டுக் கிளம்பியதையும் சொன்னாய். "சத்தமே இல்லல. அவ்வளவு பெருசு எந்திச்சுப் போவுது, ஒரு சத்தம் இல்ல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். வெயில் ஏறிய பிறகும் பகல் நட்சத்திரம் போல உச்சியில் தெரிந்ததாம். பெட்டி அந்த வெடித்த நட்சத்திரத்தின் பக்கம் திரும்பியபோது எண்ணிக்கை ஏறியது என்பதைச் சார் பல நாள் கணக்குப் போட்ட பிறகுதான் உறுதியாகச் சொன்னார், அது பின்னால் நடந்தது.

எனக்கு அது ஒன்றும் காதில் ஏறவில்லை. பேரைப் பார்த்தாயா இல்லையா என்று மட்டும் உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாய்.

"பேரப் பாத்தேன்."

என் செம்பை வரிசையில் ஓரடி முன்னால் நகர்த்தினேன்.

"விடுறதுக்கு முந்தி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தோம். ஒரு ஓரத்துல ஏழெட்டுக் குழா இருட்டா இருந்துச்சு. மூடியக் களத்துனா உள்ள பட்டை எளகிக் கெடக்கு, மேல பேரு. செம்பப் பாத்துத்தான வெட்டுன?"

"ஆமா."

"நானே பத்தவச்சேன். எனக்கு என்னைக்கு அது வந்திருக்கு, கையத்தான் பத்தவச்சேன். சார்ட்ட ரயில் குலுக்கலுன்னு சொல்லிட்டேன்." பிறகு கட்டு இல்லாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாய். "யாருல இப்படிச் செய்வா?"

உன் கண் கலங்கியிருந்தது. நான் என்ன நினைத்தேன் என்பதை இப்போது சொல்கிறேன். இவனுக்கு வயிறு எரிகிறது என்று நினைத்தேன். இத்தனை தூரம் போயும் மேலே போனது என் பேர் என்று வெந்துபோயிருக்கிறான், அதை மறைக்கக் கையைப் பிடிக்கிறான். முதல்முறையாக நான் ஜெயித்தேன். அன்றைக்குக் கடைக்கு நடக்கும்போது தரையில் கால் படவில்லை.

அடுத்த பலூனுக்குப் பெட்டியை அவர்கள் பட்டறையிலேயே செய்துகொண்டார்கள். நம் பெட்டி பாராசூட்டில் எங்கோ வயலில் விழுந்து நசுங்கி, அவர்கள் அலமாரியில் கிடப்பதாகச் சார் சொன்னார். பிறகு அவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார். நமக்குக் கல்யாணம், பிள்ளைகள். நீ உல்லாஸ்நகருக்குக் குடிபோய்ச் சொந்தக் கடை வைத்தாய். வருகிறவர்களிடமெல்லாம் என் தோளில் கைபோட்டு, "நான் மேல போனது இவனாலதான்" என்பாய். ஹைதராபாத் போனதைச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். நீ எங்கே மேலே போனாய், நான் அல்லவா போனேன் என்று உள்ளே சிரித்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது உன் மகனிடம் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நான் பாத்ததுல பொறாமையே இல்லாத மனுசன் இவன் ஒருத்தந்தான்." மருந்து மயக்கத்தில் ஏதோ பேசுகிறாய் என்று நினைத்தேன். ஆனாலும் அந்தச் சொல்லுக்குப் பயந்துகொண்டு மறுநாள் நான் வரவில்லை. மறுநாள் நீ போய்விட்டாய்.

போன மாசம் வகுப்பில் அந்தப் பெண் ஒரு பத்திரிகைத் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். நான் எப்போதோ அவளிடம் பெட்டிக் கதையைச் சொல்லியிருந்தேன், அதற்காகத் தேடி எடுத்துவந்திருக்கிறாள். வெடித்த நட்சத்திரங்களின் வண்ணப்படங்கள். மூன்று வாரம் படித்தேன். கேள், இது நீ படிக்காதது.

இப்போது பலூனும் வேண்டாம், சில நிமிஷ ராக்கெட்டும் வேண்டாம். எக்ஸ்ரே தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்பி வருஷக்கணக்காகப் பூமியைச் சுற்ற விட்டிருக்கிறார்கள். பித்தளைக் கூடு எண்ணத்தான் செய்யும், படம் காட்டாது. இவர்கள் கண்ணாடியே வைத்துவிட்டார்கள். எக்ஸ்ரே கண்ணாடியில் நேராக மோதினால் உள்ளே போய்விடும், ஆனால் உரசினாற்போலச் சாய்ந்து வந்தால் தெறித்துப் போகுமாம். மாஹிம் கடலோரத்தில் நீ ஓட்டுச்சில்லைத் தண்ணீர்மேல் தத்தித் தத்தி ஓடவிடுவாயே, அதுதான். எனக்கு ஒருநாளும் மூன்று தத்துக்கு மேல் போகாது. அதனால் கண்ணாடியைத் தட்டையாக வைக்காமல் அடியில்லாத டம்ளர் போலச் செய்து, டம்ளருக்குள் டம்ளராக அடுக்கியிருக்கிறார்கள். உள்பக்கத்தில் தங்கம் போன்ற கனத்த உலோகம் மெல்லிசாகப் பூசுகிறார்கள். நாம் பித்தளைக்கு ஈயம் பூசிய மாதிரி. அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். உட்கார முடியவில்லை.

வெடித்துச் சிதறிய இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் மணலில் இருக்கும் சத்தும் தனித்தனியான எக்ஸ்ரேயை வீசுமாம். அதைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்துப் படம் ஆக்குகிறார்கள். அடுப்பில் தாமிரத் தூள் விழுந்தால் பச்சையாக எரியும், உப்பு விழுந்தால் மஞ்சளாக எரியும், அதைப் பார்த்தே என்ன விழுந்தது என்று சொல்வோம் அல்லவா, அந்த வித்தையின் பெரிய அண்ணன் இது. சில வருஷம் விட்டு மறுபடி படம் எடுத்தால் சிதறல் இன்னும் விரிந்திருப்பது தெரிகிறதாம்.

நீ அன்று கேட்ட கேள்விக்குப் பதிலும் இருந்தது. அன்னைக்கு வெடிச்சது இன்னுமா அடங்கல. நம் பெட்டி பார்த்த அந்த நட்சத்திரத்தின் நடுவே ஒரு ஊர் அளவுக்குச் சுருங்கிப்போன கரு ஒன்று மிச்சம் இருக்கிறது. நொடிக்கு முப்பது தடவை சுற்றுகிறது. சுற்றியபடியே தன்னைச் சுற்றியுள்ளதை விரட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் எக்ஸ்ரே இன்னும் வருகிறது, அதனால்தான் அடங்கவில்லை. உனக்கு முன்னால் நான் படித்த முதல் விஷயம் இதுதான். கேள்வி யாருடையது என்று இனிமேல் சண்டை இல்லை. பதில் என்னுடையது.

இனி செம்புக்கு வருகிறேன்.

அன்று காலையில் புளியைக் கழுவிவிட்டு, ஜன்னல் பக்கம் திருப்பி, எழுத்துக் கூட்டினேன். முதல் எழுத்து என் பேரின் முதல் எழுத்தாக இல்லை. தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவதும் இல்லை. வெயிலில் கொண்டுபோய் மறுபடி படித்தேன். மூன்றாம் தரம் விரலால் தடவிப் படித்தேன். அதில் உன் பேர் இருந்தது.

குழாயடி வரிசையில் என்றைக்கோ ஒரு காலையில் மாறியிருக்கிறது. ஒரே ஊர்க் கடையில் வாங்கிய ஒரே அச்சுச் செம்பு. எனக்குப் படிக்கத் தெரியாது, தெரியவில்லை. நான் அந்த மதியம் பல்லைக் கடித்துக்கொண்டு, உன்னைத் தோற்கடிப்பதற்காக, உன் பேரை வெட்டியிருக்கிறேன். காற்றுக்கு மேலே போனது நீ.

உல்லாஸ்நகரில் உன் மகனுக்குப் போன் செய்தேன். உங்கள் வீட்டில் பழைய பித்தளைச் செம்பு ஏதாவது உண்டா என்றேன். "இருக்கு மாமா. அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் படிக்க வராது. அப்பா சாமி அலமாரில வெச்சிருந்தாரு, யாரையும் தொட விடமாட்டாரு" என்றான். போட்டோ அனுப்பினான். பேரன் போனில் பெரிதாக்கிக் காட்டினான். படித்தேன். அதில் என் பேர்.

உனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. செம்பு மாறியதை நீ படித்திருக்கிறாய், எனக்கும் அது தெரியும் என்று நினைத்திருக்கிறாய். இந்த எழுத்தறியாதவன் உன் செம்பைப் பார்த்து, உன் பேரை, உனக்காகவே வெட்டினான் என்று நம்பியிருக்கிறாய். அதற்காக விரலைச் சுட்டுக்கொண்டாய். அதற்காக என் தோளில் கைபோட்டாய். என் செம்பைச் சாமிக்குப் பக்கத்தில் வைத்தாய். பொறாமையே இல்லாத மனுசன் என்றாய்.

இல்லை. அது உனக்காக வெட்டியது இல்லை. நேரில் சொல்ல நாலு வருஷம் பிந்திவிட்டேன், எழுத்தில் சொல்கிறேன். திருடப் போனவன் கை தவறி உன் மடியிலேயே போட்டுவிட்டு வந்தேன், நீ அதைச் சீர் என்று வாங்கிக்கொண்டாய். இதைப் படித்ததும் என்னை வைதுகொள். ஆனால் அத்தனை வருஷம் நீ ஒரு நல்ல கூட்டாளியோடு இருப்பதாக நினைத்துச் சந்தோஷமாக இருந்தாயே, அது எனக்குக் கிடைக்கவில்லை. நான் பொறாமைக்காரனாக அல்லவா இருந்தேன். அதிலும் நீயே ஜெயித்தாய். இப்போதும் வயிறு எரிகிறது. எரிந்துகொண்டே அன்று காலையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். மருமகள் பயந்துபோய் என் மகனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

புள்ளிகள் நன்றாக இருக்கின்றனவா என்று அந்தப் போட்டோவில் பார்த்தேன். சுமார்தான். பெட்டியில் உன் பேருக்கு நான் வெட்டிய புள்ளிகள் இதைவிட அழகு. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். என்னிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு கர்வம்தான், அதை விட்டுவிட மனம் இல்லை.

உன் மகன் வேண்டுமானால் செம்புகளை மாற்றிக்கொள்ளலாம் மாமா என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் பேருக்குக் கீழே இந்தச் செம்பில் இன்னும் இரண்டு விரல் இடம் இருக்கிறது. இந்த வாரம் என் பேரை ஒரு சீட்டில் நானே எழுதப்போகிறேன். அதைப் பார்த்து நானே வெட்டப்போகிறேன். உளியைத் தேடி எடுத்துவிட்டேன். கை இப்போது நடுங்குகிறது, உள்ளே நல்ல இரும்பு முட்டு கொடுத்துக்கொள்வேன். எப்படி வந்தது என்று அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். கோணலாக வந்தாலும் எழுதுவேன்.